பொத்தானை அமுக்கியவள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் அந்த ஊர் நூலகத்தின் குழந்தைகள் அறையில் இலவசமாக வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாலைந்து பேர் கம்ப்யூட்டரும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பார்கள். கணக்கருக்குக் கூலி கொடுக்க முடியாத ஜனம் சுவரில் ஒட்டிய காகிதக் கரடிகளுக்குக் கீழே காத்துக் கிடக்கும். பெரியவர்கள் உட்காரும் நாற்காலிகளை முந்தி வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தவை முழங்கால் உயரம்கூட இல்லாத சிவப்பும் மஞ்சளுமான பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் இறங்கினால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று டார்லாவுக்குத் தெரியும். புத்தக அலமாரியில் சாய்ந்து, ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்து மறு காலில் நின்றாள். பிறகு அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்தாள். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையின் சிமெண்ட் தரையில் இப்படித்தான் நின்றாள். இரண்டு முட்டிகளும் அங்கேதான் தேய்ந்தன. ஜூன் மாதம் வலது முட்டிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. காப்பீடு கொடுத்தது போக அவள் கையிலிருந்து கட்ட வேண்டியதை மூன்று வருடமாகச் சேர்த்து பாங்கில் தனியாகப் போட்டிருந்தாள். அந்தக் கணக்குக்கு அவள் வைத்த பெயர் முட்டிக் கணக்கு.

அவள் முறை வந்தபோது எதிரே இருந்தவர் வெண்டல் என்ற பெரியவர். ஒரு காலத்தில் பாங்கில் கடன் பிரிவில் இருந்தவர். இப்போது யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டாத வேலையில் சந்தோஷமாக இருப்பவர் போல முகம் வைத்திருந்தார். அவள் கொண்டுவந்த காகிதங்களை ஒவ்வொன்றாக நீவி வைத்தார். பள்ளிக்கூடத்து ஓய்வூதியம், பூக்கடையில் சனி ஞாயிறு வேலை பார்த்த சம்பளம், மருத்துவக் காப்பீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த உதவி. நாலாவது காகிதத்தைப் பார்த்ததும் கண்ணாடியை உயர்த்தினார். ஆற்றங்கரைக் கசினோ அனுப்பியது. டார்லா என்கிற பெண்மணி ஸ்லாட் மெஷினில் பதினாலாயிரத்து இருநூறு டாலர் ஜெயித்தாள் என்று அதில் இருந்தது.

பலே, அதிர்ஷ்டக்காரி என்றார் வெண்டல். டார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பழமொழி. இங்கே அதிர்ஷ்டம் ஓரிடம், வரி ஓரிடம்.

போன ஏப்ரலில் அவள் அண்ணன் டெல்பர்ட்டுக்கு எழுபத்திரண்டு வயது நிறைந்தது. இரும்பாலையில் உலையடியில் நின்றே நுரையீரலைத் தின்னக் கொடுத்தவர். மூக்கில் பிராணவாயுக் குழாய் இல்லாமல் பத்தடி நடக்க மாட்டார். முதியோர் குடியிருப்பில் ஓர் அறையும் ஒரு சின்னச் சமையலறையும் அவருக்கு. காலையில் ரெனே என்ற பெண் வந்து குளிப்பாட்டிவிட்டு, மாத்திரையைப் பிரித்து வைத்துவிட்டுப் போவாள். அவள் சம்பளத்தை மாநில அரசு கொடுக்கிறது. டெல்பர்ட் ஏழை என்று காகிதத்தில் இருக்கும் வரைக்கும்தான் கொடுக்கும். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று டார்லா கேட்டபோது, கசினோவுக்குக் கூட்டிப் போ, ரெண்டு மணி நேரம் போதும் என்றார். அவள் அந்தப் படியையே மிதித்தவள் இல்லை. ஆனாலும் பிறந்த நாள் ஆயிற்றே என்று காரில் ஏற்றிப் போனாள்.

அவர் ஆடியதை அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். போட்டதெல்லாம் ஆனை வாயில் போன கரும்பாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஆடுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மெஷின் முரண்டு பிடித்தால், சூதின் வாடையே படாத ஒரு கையை விட்டு அமுக்கச் சொல்வார்கள். டெல்பர்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "நீ ஒரு தடவை அமுக்கு தங்கச்சி, உன் கை இன்னும் கெட்டுப் போகல" என்றார். அவள் அமுக்கினாள். அழைப்பு மணியை அமுக்குகிற மாதிரி, அவ்வளவுதான். மெஷின் விளக்கெல்லாம் எரிந்து, மணியடித்து, அப்படியே உறைந்து நின்றது.

சீருடைக்காரப் பெண் ஒருத்தி வந்து முதலில் கேட்டது, அமுக்கினது யாரு என்பதுதான். நாற்காலி யாருடையது, போட்ட பணம் யாருடையது என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. யார் விரல் பட்டதோ அவர்தான் ஜெயித்தவர். மேலே காமிரா பார்த்துக்கொண்டிருக்கிறது. டார்லா அண்ணனைக் காட்டக் கையைத் தூக்கினாள். டெல்பர்ட் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். "உன் பேருலயே இருக்கட்டும்" என்றார், மூச்சுக்கு நடுவே. "என் பேருக்கு வந்தா ரெனேய நிறுத்திடுவாங்க." பணம் வேறு யாருக்காவது சேர்ந்ததா என்று அந்தப் பெண் முறைப்படி கேட்டாள். இல்லை என்று டார்லா கையெழுத்துப் போட்டாள். வரியை இப்போதே பிடித்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாள். டெல்பர்ட் வேண்டாம் என்று தலையாட்டினார். டார்லாவின் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டையும் அடித்துக் கொடுத்தார்கள்; அதை மெஷினில் செருகி ஆடினால் வருவதும் போவதும் அவள் பெயரில் பதிவாகும். காரில் பணக்கட்டையும் அட்டையையும் சேர்த்தே அண்ணன் மடியில் போட்டாள். பாதியை எடுத்துக்கோ என்றார். உன் பணம் எனக்கெதற்கு, ஒரு மீன் சாப்பாடு வாங்கிக் கொடு போதும் என்றாள். வாங்கிக் கொடுத்தார். நல்ல மீன்.

இதையெல்லாம் வெண்டலிடம் சொல்ல முடியுமா? தயங்கித் தயங்கி, பொத்தானை அமுக்கினது நான், ஆடினது வேறொருத்தர் என்று மட்டும் சொன்னாள். வெண்டல் தலையை ஆட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார். கடைசியில் திரையை அவள் பக்கம் திருப்பினார். வழக்கமாக அவளுக்குக் கொஞ்சம் திரும்பி வரும். இந்த வருடம் அவள் கட்ட வேண்டும். வருமான வரி ஒரு பக்கம், கூடுதல் வருமானம் வந்துவிட்டதால் காப்பீட்டு உதவியில் திருப்பிக் கொடுக்க வேண்டியது இன்னொரு பக்கம், மாநிலத்துக்குக் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து மூவாயிரத்து நானூறு. முட்டிக் கணக்கில் இருந்ததைவிட எண்பது டாலர்தான் குறைவு.

தோற்றதைக் கழிக்கலாமாமே என்று கேட்டாள். பூக்கடையில் யாரோ சொல்லக் கேட்டது. கழிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது என்றார் வெண்டல். ஜெயித்த அளவுக்கு மேல் கழிக்க முடியாது, அதுவும் வீட்டுக் கடன் வட்டி, நன்கொடை என்று ஒவ்வொரு செலவையும் தனித்தனியாக எழுதிக் கழிக்கிறவர்களுக்குத்தான். உன்னைப் போன்றவர்களுக்கு அரசாங்கமே மொத்தமாக ஒரு தொகையைக் கழித்துவிடுகிறது; அது பதினாலாயிரத்தைவிடப் பெரிது; அதை விட்டுவிட்டு இதை எழுதினால் உனக்குத்தான் நஷ்டம் என்று விளக்கினார். அவள் முகத்தைப் பார்த்து, இன்னும் எளிதாகச் சொன்னார்.

"வந்தது முதல் பக்கத்துல ஏறிடும்மா. போனது உள்ள ஒரு மூலைல கிடக்கும். காப்பீட்டு ஆபீஸ்காரன் முதல் பக்கத்தத்தான் பாப்பான்."

அவளுக்குப் புரிந்தது. ஜெயித்தால் ஊருக்கே தெரியும், தோற்றால் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது சூதாடிகளின் வீட்டில் பிறந்த யாருக்கும் தெரிந்த சங்கதி. சர்க்காரும் அப்படியே நினைக்கிறது போலிருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது என்றார் வெண்டல். பணம் உண்மையில் யாருடையதோ அவர், ஆமாம் அது என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவர் கணக்குக்கு மாற்றப் பார்க்கலாம். அன்றைக்கே கசினோவில் செய்திருக்க வேண்டியது. இப்போது கேள்வி வரும். ஆனால் உண்மைதானே, பதில் சொல்லலாம். அதற்கான வாசகத்தைத் தாமே ஒரு தாளில் அடித்துக் கொடுத்தார். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவருக்கு நன்றி சொன்னாளா என்று வாசலுக்கு வந்த பிறகு சந்தேகமாக இருந்தது.

காரை ஓட்டிக்கொண்டே மனதுக்குள் அண்ணனோடு சண்டை போட்டாள். அது அவளுக்கு எளிதாக வந்தது. நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு அவரை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் தெரிந்தவர் ஒருவர் வாயிலிருந்து அந்தச் செய்தி விழுந்தது. செவ்வாய்க்கிழமை தவறாமல் முதியோர் பஸ்ஸில் டெல்பர்ட் கசினோவுக்கு வருகிறார், பிராணவாயு உருளையைச் சக்கர வண்டியில் இழுத்துக்கொண்டு. வான்கோழியை அறுத்து வைத்த மேசையில் அவள் கேட்டாள். இன்னும் மிச்சமிருக்கிறதா என்று. கொஞ்சம்தான், அதுவும் தீர்ந்துவிடும் என்று அவர் சொன்ன விதம், ஏதோ களையெடுத்து முடிக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பணத்தைக் கொளுத்தியிருந்தால் குளிராவது காய்ந்திருக்கலாம் என்று அவள் கத்திவிட்டாள். மூச்சுக்கு வழியில்லாதவனுக்குச் சூது கேட்கிறதா என்றும் கேட்டுவிட்டாள். அவர் பூசணி அப்பத்தை, அவள் அடுப்பில் நின்று செய்ததை, முழுசாகச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவள் அவர் அறைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும் பேசினாள், அதுவும் மருந்து, மாத்திரை, வெளியே பனி என்று.

இப்போது யோசித்தால் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பணமும் அவன் தின்றான், சந்தோஷமும் அவனுக்கு, நான் நொண்டிக்கொண்டு அலைய வேண்டுமா? கையெழுத்தைப் போடட்டும். ரெனே போனால் போகட்டும் என்று நினைத்த அடுத்த விநாடியே அவள் கண்ணில் பட்டது அரசாங்க முதியோர் விடுதி, மேட்டின் மேல். டெல்பர்ட்டின் மனைவி கடைசி எட்டு மாதம் அங்கேதான் கிடந்தாள். தண்ணீர் கேட்டால் மத்தியானம் வரும் இடம். ரெனே நின்றுவிட்டால் அவருக்கு அதுதான் போக்கிடம் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். டார்லாவின் வீட்டில் படுக்கையறை மாடியில். அவளே ஏற முடியாமல் கீழே சோபாவில் தூங்குகிறாள். இந்தக் கணக்கை அவள் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர்தான் மிஞ்சினார்கள். எனக்குக் களைத்துப் போய்விட்டது, யாராவது எனக்காக ஒரு முடிவெடுங்களேன் என்று காருக்குள் வாய்விட்டே சொன்னாள்.

டெல்பர்ட் கதவைத் திறந்தபோது சட்டை பொத்தான் போட்டு, தலை வாரி இருந்தார். ரெனேயின் கைவேலை. மூன்று மாதத்தில் பாதியாகியிருந்தார். கன்னத்தில் குழாய் போகும் இடத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது. மூலையில் பிராணவாயு மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய நீளக் குழாய் கட்டிலைச் சுற்றி, மேசையைச் சுற்றி அவர் போகும் இடமெல்லாம் கூடவே வந்தது. கோபமா என்று கேட்டார். இல்லை என்றாள். "பொய் சொல்லாத, உன் மூக்கு செவந்திருக்கு" என்றார். சின்ன வயதிலிருந்தே அவளைச் சீண்டுகிற வாசகம் அது. நீயாக வருவாய் என்று தெரியும், வரிக் கணக்குப் போடுகிற காலம் வந்துவிட்டதே என்றார். அவள் பைக்குள் கைவிட்டாள். அவர் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, ரொட்டி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஓர் உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். உறைக்குள் அவளுடைய உறுப்பினர் அட்டையும், கசினோ வாசலில் இருக்கும் மெஷினில் அச்சடித்த ஒரு தாளும் இருந்தன. டார்லா என்கிற பெண்மணி சென்ற வருடம் ஆடித் தோற்றது பதினாலாயிரத்து இருநூற்றுப் பதினொரு டாலர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு பேரைக் கேட்டுத்தான் செஞ்சேன்" என்றார் டெல்பர்ட். "பஸ்ல வர்ற அத்தன பேரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. ஜெயிச்ச அளவுக்குத் தோத்துக் காட்டிட்டா வரி கிடையாதாம். உன் பேருல ஜெயிச்சாச்சு. உனக்குத் தோக்கத் தெரியாது. அதான் உன் கார்டப் போட்டு நான் தோத்தேன்."

சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு ஆயிற்று. பிறகு விட்டு விட்டு மீதியையும் சொன்னார். முதலில் கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்ததாம். பிறகு அலுத்துவிட்டதாம். அடுத்தவன் பணத்தைத் தோற்பதில் ஒரு ருசியும் இல்லை என்றார். அது அவளுடைய பணம் என்றே எப்போதோ தீர்மானித்துவிட்டார் போலும். அக்டோபரில் ஒருநாள் பாழாய்ப்போன மெஷின் ஆயிரத்து நூறைக் கொட்டிவிட்டது. பக்கத்து ஆசாமிகள் கை தட்டினார்கள். இவருக்கு வயிறு எரிந்தது, அதையும் சேர்த்தல்லவா தோற்க வேண்டும். டிசம்பரில் மூச்சே வரவில்லை, போகக் கூடாது என்று ரெனே கதவை மறித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தோராம் தேதிக்குள் முடித்தாக வேண்டுமே என்று அவளிடம் கெஞ்சிப் போனார். விருந்து அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று டார்லா கேட்டாள். முடிப்பதற்கு முன்னால் சொன்னால் நீ விடமாட்டாயே என்றார்.

டார்லாவுக்கு முதலில் சிரிப்புத்தான் முட்டிக்கொண்டு வந்தது. பாவி மனுஷா, அதில் நாலில் ஒரு பங்கை இதே உறைக்குள் போட்டு வைத்திருந்தால் என் முட்டிக்கும் ஆயிற்று, உன் மூச்சுக்கும் ஆயிற்று. சிரிப்பு வெளியே வருவதற்குள் வேறு ஏதோவாக மாறியது. எட்டு மாதம், செவ்வாய்க்கிழமைதோறும், உருளையை இழுத்துக்கொண்டு போய், பிடிக்காத ஆட்டத்தை உட்கார்ந்து ஆடி, ஒரு மனிதன் தங்கைக்காகத் தோற்றிருக்கிறான். அவளுக்காக இதுவரை யாரும் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. கல்யாணம் செய்துகொண்டவன்கூட இல்லை. இதை எடுத்துக்கொண்டு போய் வெண்டலிடம் காட்டினால் அவர் கண்ணாடியை உயர்த்தி, மூலையில் கிடக்கும் என்று மறுபடியும் மெல்லச் சொல்வார். காலியிடம் விட்ட அந்தத் தாள் அவள் பைக்குள் விரலில் தட்டுப்பட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் கையெழுத்துப் போடுவார். ஏன் என்று கேட்காமலேயே போடுவார். அதுதான் கஷ்டம்.

"என்ன, சரியா இருக்கா? ஒத்துக்குவாங்கல்ல?" என்றார் டெல்பர்ட்.

"ஒத்துக்குவாங்கண்ணே."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ரத்தம் ஊறியது மாதிரி இருந்தது. அப்படியென்றால் முட்டிப் பணம் தப்பித்தது என்றார். ஜூன் மாதம் ஆஸ்பத்திரிக்கு நானும் வருவேன், உருளை ரெண்டு எடுத்துக்கொண்டால் நாள் முழுக்க உட்காரலாம், ரெனேயிடம் பேசிவிட்டேன் என்றார். டார்லா அட்டையை உறைக்குள் போட்டு, உறையைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஆபரேஷன் இப்ப வேணாம்னுட்டார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் தாங்குமாம்."

"எவ்வளவு நாள்?"

"அறுபத்தஞ்சு வரைக்கும்." முதியோர் காப்பீடு வரும் வயது அது. அவளுக்கு இன்னும் இரண்டரை வருடம் இருந்தது.

டெல்பர்ட் அவள் மூக்கைப் பார்த்தார். பிறகு நல்ல சேதிதானே, கத்தி வைக்காமல் இருந்தால் நல்லதுதானே என்று சொல்லி மேசையை ஊன்றி எழுந்தார். காப்பி போடப் போகிறேன், நீ எழுந்திருக்காதே, உனக்குத்தான் முட்டி வலி என்றார். அவளும் எழுந்திருக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். குழாய் தரையில் ஊர்ந்து பின்னாலேயே போனது. கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும் சத்தம், அலமாரி திறக்கும் சத்தம், எந்தப் பாட்டு என்று சொல்ல முடியாத ஒரு முனகல். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்று இருமல் வந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய நாற்காலிக் கால் குழாயின் மேல் ஏறி நின்றிருந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதலில் இடது முட்டியை விரிப்பில் வைத்தாள். பிறகு வலது முட்டியை வைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு கையால் நாற்காலியைத் தூக்கி மறு கையால் குழாயை உருவி விட்டாள். நசுங்கிய இடம் மெல்லப் பெருத்தது. உள்ளே காற்று போவது விரலுக்குத் தெரிந்தது. சமையலறையில் இருமல் அடங்கி முனகல் மறுபடி தொடங்கியது. சர்க்கரை எத்தனை கரண்டி என்று டெல்பர்ட் கேட்டார்.

ரெண்டு என்றாள் டார்லா, தரையிலிருந்தே.